நகவெட்டி: வாங்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஆனித் தேரோட்டச் சமயத்தில் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருக்கும் சாமான்களில் நகவெட்டி கட்டாயம் இருக்கும். சீப்பு, ஊக்கு, காது குடையும் குச்சி, அதற்குப் பக்கத்தில் பளபளவென்று நகவெட்டி. 'எது எடுத்தாலும் இருபது' என்ற சத்தம் காதில் விழுந்ததும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வந்து கட்டைவிரலில் வைத்து அமுக்கினால் நகம் வெட்டுப்படாது. நசுங்கி, வெள்ளையாக மடங்கி, ஒரு ஓரம் மட்டும் நார் மாதிரித் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் சதை வரை கிழியும். மறுநாள் அந்த விரலால் புளி கரைக்கும்போது தெரியும், இருபது ரூபாயின் அருமை.

விலையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அட்டைப்பெட்டியில் பகட்டாக வந்த நகவெட்டியும் இதே வேலையைச் செய்வதுண்டு. இந்தச் சின்னச் சாமான் எப்படி வெட்டுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டால், கடையில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது தானாக விளங்கிவிடும்.

வாய் சேரும் இடம்

நகவெட்டி கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவதில்லை. கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகும். கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் அந்த உரசலிலேயே வெட்டிவிடும். பாக்குவெட்டியில் மேல் அலகு மட்டும் வெட்டும், கீழ்ப்பகுதி பாக்கைத் தாங்கிப் பிடிக்கும். நகவெட்டியிலோ இரண்டு கூரான விளிம்புகள் நேருக்கு நேர் வந்து முட்ட வேண்டும். தைத்து முடித்த நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது போல. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல் சந்து விட்டால் நூல் நசுங்குமே தவிர அறாது. நகத்துக்கும் அதே கதிதான்.

உறுப்புகள் அதிகமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எஃகுத் தகடுகள். வால் பக்கம் இரண்டையும் ரிவிட் அடித்தோ பற்றவைத்தோ சேர்த்திருப்பார்கள். முன்பக்கம் இரண்டும் வளைந்து எதிரெதிரே வெட்டுவாயாக நிற்கும். தகட்டின் வளைவுதான் ஸ்பிரிங்: அமுக்கினால் வாய் மூடும், விட்டால் திறக்கும். இரண்டு தகட்டையும் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி. ஆணித் தலையில் மாட்டிய கைப்பிடி. கைப்பிடியைச் சுழற்றிப் புரட்டிப் போட்டு அழுத்தும்போது அதன் அடியில் இருக்கும் மேடு மேல் தகட்டைக் கீழே தள்ளுகிறது. 1881-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிடிப்பு வகை நகவெட்டிக்கும் இன்று மேசையில் கிடப்பதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே 'புதிய தொழில்நுட்பம்' என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். இரண்டு விளிம்பும் எவ்வளவு சுத்தமாகச் சேருகின்றன, எத்தனை வருசம் அப்படியே சேரும் என்ற இரண்டுக்குத்தான் காசு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

"அண்ணாச்சி, இதைப் பிரிச்சுப் பாத்துக்கிடட்டுமா?"

"பாருங்க, அதுக்கென்ன. கவரை மட்டும் கிழிச்சிராதீங்க."

இவ்வளவுதான் கேட்க வேண்டியது. பிரிக்கவே கூடாது என்கிற கடையில் நகவெட்டி வாங்க வேண்டியதில்லை.

கையில் வாங்கியதும் கைப்பிடியைத் தொடாதீர்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு தகட்டையும் பிடித்து மெதுவாக அமுக்குங்கள். விளிம்பும் விளிம்பும் தொட்டதும் நிறுத்திவிட்டு, கடையின் டியூப் லைட்டுக்கோ தெருப்பக்க வெளிச்சத்துக்கோ நேராகக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். நல்ல நகவெட்டியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கறுப்புக் கோடு ஒன்றே தெரியும். நடுவில் மயிரிழை போல வெளிச்சம் கசிந்தால் அந்த இடத்தில் நகம் வெட்டுப்படாது. ஒரு மூலையில் மட்டும் கசிந்தால் வெட்டிய துண்டு அந்த மூலையில் தொங்கிக்கொண்டு நிற்கும். 'கொஞ்சம் அழுத்தினால் சேர்ந்துவிடும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அழுத்திச் சேர்ப்பது தகட்டின் வளைவைக் கெடுக்கும், முன்னால் முட்டிய கூர் மழுங்கிய பிறகுதான் பின்னால் இருப்பது வந்து சேரும்.

அடுத்து வாயை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட முன்னால் துருத்தியிருக்கிறதா, இடமோ வலமோ விலகியிருக்கிறதா? கண்ணுக்குப் பிடிபடாத விலகலை நகம் கண்டுபிடித்துவிடும். மூடிய வாயின் பக்கவாட்டில் உங்கள் விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். தடுக்கினால் விலகியிருக்கிறது என்று அர்த்தம். விரல் சதையை வைத்துத் தடவாதீர்கள். சதைக்கு அந்த அளவு நுணுக்கம் தெரியாது, கிழிபடவும் வாய்ப்புண்டு.

பிறகு வால். இரண்டு தகட்டின் பின்முனையையும் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக அசைத்துப் பாருங்கள். இம்மிகூட நகரக் கூடாது. நகவெட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் கூர் மழுங்குவதால் இல்லை, வால் ரிவிட் இளகுவதால்தான். வால் அரை மயிரிழை நகர்ந்தால் வாயும் விலகும், வாங்கும்போது சேர்ந்திருந்த விளிம்புகள் இரண்டே மாதத்தில் தாண்டிப் போகும். ரிவிட் அகலமாக, தகட்டோடு படிந்து இருக்க வேண்டும். இரண்டு ரிவிட் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது கைப்பிடியைப் புரட்டிப் போடுங்கள். ஆணியின் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார வேண்டும், அமுக்கும்போது இடவலம் சாயக் கூடாது. கொஞ்ச ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் அமுக்க அமுக்கக் கைப்பிடி ஒரு பக்கம் வழுக்கினால் கால் நகத்தை வெட்டும்போது அது விரலைப் பதம் பார்க்கும். ஆணி மெலிசாக இருந்தால், கையில் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்த நகவெட்டியை வைத்துவிடலாம். அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த ஆணி ஒன்றுதான்.

கடைசியாக, வெட்டிப் பார்ப்பது. காகிதத்தை வெட்டிப் பார்ப்பவர்கள் அதிகம், ஆனால் காகிதம் எளிதில் ஏமாற்றும். மொரமொரப்பான காகிதத்தை மழுங்கல் வாயும் கிழித்துப் போட்டுவிடும். நகவெட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை வாயில் கொடுத்து ஒரு கடி கடிக்க வையுங்கள் (உறையைக் கிழிக்கக் கூடாது என்ற அண்ணாச்சியிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு). நல்ல விளிம்பு பிறைத் துண்டாகக் கொத்தி எடுத்துவிடும். மோசமானது பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டும், துண்டு முழுதாக விழாது. வாயின் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக, மூன்று முறை வெட்டிப் பாருங்கள்.

ஒரே பெட்டியில் இருக்கும் ஒரே கம்பெனிச் சரக்கிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். நான்கைந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அதில் ஒன்று மற்றதைவிடச் சுத்தமாகச் சேரும். இணையத்தில் வாங்குவதில் உள்ள நட்டம் இதுதான். அங்கே வாங்கினால் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்கி, பெட்டியைப் பிரித்த கையோடு இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். நகத்தில் வைத்து வெட்டிய பிறகு திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

எஃகும் காந்தமும்

காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று பாத்திரக்கடையில் கற்ற பாடத்தை இங்கே கொண்டுவந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. நல்ல சாப்பாட்டுத் தட்டில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் கலந்திருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் அந்த எஃகைச் சூடாக்கித் தோய்ச்சல் போட்டு இறுக்க முடியாது, அதில் கூர் நிற்காது. கத்தி, கத்தரி, நகவெட்டிக்கு உரியது வேறு வகை ஸ்டெயின்லெஸ். குரோமியம் 13 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், கார்பனும் சேர்ந்திருக்கும், நிக்கல் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். தோய்ச்சல் ஏற்கும், காந்தமும் நன்றாக ஒட்டும். கொல்லுப்பட்டறையில் அருவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது 'ஸ்ஸ்' என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முக்காத அருவாள் விறகில் பட்டதும் மடங்கும்.

ஆகவே நகவெட்டியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகம். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியதாக இருக்கலாம். அது கனமாகவும் பளபளப்பாகவும் இருக்கும், கூர் ஒரு மாதம் தாங்காது. காந்தம் ஒட்டியதாலேயே ஸ்டெயின்லெஸ் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. சாதாரண கார்பன் எஃகுக்கு நிக்கலோ குரோமியமோ முலாம் பூசிய நகவெட்டிதான் சந்தையில் அதிகம். அது மட்டமான சரக்கு இல்லை, கார்பன் எஃகு நல்ல கூர் பிடிக்கும். ஆனால் விளிம்பில் முலாம் தேய்ந்த இடத்தில் துரு தொடங்கும். அம்பாசமுத்திரத்தில் ஐந்து வருசம் உழைக்கிற அந்த நகவெட்டி உவரியிலோ இடிந்தகரையிலோ கடற்காற்றில் ஒரே வருசத்தில் புள்ளி விட்டுவிடும். கடலோர ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கொடுத்து ஸ்டெயின்லெஸ் வாங்குவதே சிக்கனம்.

பெயர் பார்த்து வாங்குவதானால் ஜப்பானின் செகி, ஜெர்மனியின் சோலிங்கன் என்ற இரண்டு ஊர்களும் கத்தி, கத்தரிக்குப் பேர்போனவை. கொரியாவின் 777 என்ற கம்பெனிச் சரக்கு பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் விற்கிறது. ஆனால் ஊர்ப் பெயரோ எண்ணோ பொறித்திருப்பதாலேயே அங்கிருந்து வந்தது என்று நம்பிவிட வேண்டாம். மேலே சொன்ன வெளிச்சச் சோதனையில் தேறாவிட்டால் எந்த முத்திரையும் உதவாது.

யாருக்கு எது

வீட்டுக்கு ஒரு நகவெட்டி, அதையே ஆச்சி முதல் பேரன் வரை எல்லோரும் மாற்றி மாற்றி வெட்டுவது என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். இரண்டு காரணங்களுக்காக இதை விட்டுவிட வேண்டும். ஒன்று, ஒருவர் கால் நகத்துப் பூஞ்சை இன்னொருவர் நகத்துக்கு இந்த வழியாகவே போகும். வெட்டும்போது கசிந்த துளி ரத்தம் வாயில் ஒட்டியிருந்தால் மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரவ இடமுண்டு. இரண்டாவது, ஒரே வாய் எல்லா நகத்துக்கும் பொருந்தாது.

கைநகத்துக்குச் சுமார் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய நகவெட்டி போதும். விளிம்பு லேசாக உள்வளைந்திருக்கட்டும், விரல் நுனியின் வளைவோடு ஒத்துப்போகும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் இலையின் நுனியை மடக்கிக் குத்த ஒரு விரலில் நகத்தைக் கொஞ்சம் விட்டிருப்பார்கள். அவர்களுக்கு நேர் விளிம்பு வசதி. வேண்டிய உயரத்தில் மட்டமாக நிறுத்திக்கொள்ளலாம்.

கால் நகத்துக்கு 8 சென்டிமீட்டர் அளவில் பெரியது வேண்டும். கைப்பிடி நீளம் கூடினால் அழுத்தும் வலு குறைவாகப் போதும், தகடும் தடிமனாக இருக்கும், வாயும் அகலமாகத் திறக்கும். விளிம்பு நேராக, அல்லது நேருக்குப் பக்கமாக இருக்க வேண்டும். வளைந்த வாயால் கால் பெருவிரல் நகத்தை வெட்டினால் இரண்டு மூலையும் தானாகவே உள்ளே குழிந்துவிடும். மூலையைக் குடைந்த நகம் வளரும்போது நேராக வெளியே வராமல் பக்கத்துச் சதையைக் குத்திக்கொண்டு வளரும். செருப்பு அழுத்த, சீழ் வைத்து, கடைசியில் நகத்தின் ஓரத்தை அறுத்து எடுக்கும் வரை போகும். இதற்கெல்லாம் தொடக்கம் பெரும்பாலும் தவறான விளிம்புதான்.

வயதானவர்களின் கால் நகம் தனி விவகாரம். தடித்து, மஞ்சளித்து, சங்கு மாதிரி வளைந்திருக்கும் நகம் சாதாரண நகவெட்டியின் வாய்க்குள் நுழையவே நுழையாது. நுழைத்து அமுக்கினால் தகடு வளையும் அல்லது நகம் நீளவாக்கில் பிளக்கும். இவர்களுக்குக் குறடு மாதிரிப் பிடியுள்ள வகை வேண்டும். நீளம் 12 முதல் 14 சென்டிமீட்டர், இரண்டு பிடிக்கும் நடுவில் ஸ்பிரிங், கூம்பிய குட்டி வாய். கடையில் இதைப் பார்க்கும்போதும் வெளிச்சச் சோதனையே. கூடுதலாக, நடு ஆணியில் ஆட்டம் இருக்கக் கூடாது, பிடியை விட்டதும் வாய் தானாகத் திறக்க வேண்டும். கொக்கி போட்டு மூடி வைக்கும் வசதி இருந்தால் நல்லது, இழுப்பறையில் கைவிடுகிறவர் தப்பிப்பார்.

சர்க்கரை நோய் இருந்து காலில் மதமதப்போ ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்களுக்கு எந்த நகவெட்டி நல்லது என்று கேட்டால், எதுவும் வேண்டாம் என்பதுதான் பதில். சதையில் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, சின்ன வெட்டும் ஆறாத புண்ணாகிவிடும். அரத்தால் தேய்த்துக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டு, தடித்த நகத்தைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ கால் பராமரிப்பு தெரிந்த டாக்டரிடமோ காட்டி வெட்டிக்கொள்ளட்டும்.

கைக்குழந்தைக்கு? நம் ஊர் ஆச்சிமார் பல்லால் கடித்து எடுப்பார்கள். அன்புதான், ஆனால் வாயில் இருக்கும் கிருமி குழந்தையின் நகக்கண்ணில் ஏறி நகச்சுத்து வந்துவிடும். முதல் சில வாரங்களுக்கு நகம் காகிதத்தைவிட மெல்லிசாக, சதையோடு ஒட்டியே இருக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். பிறகு 5 சென்டிமீட்டருக்கும் குறைவான, வாய் குறுகிய குழந்தை நகவெட்டியோ நுனி உருண்ட குட்டிக் கத்தரியோ வாங்கலாம். நகவெட்டியின் மேல் பூதக்கண்ணாடி பொருத்தி விற்கிறார்கள். அது வெட்டுகிற இடத்தை மறைக்கிறது, வேண்டாம். பால் குடித்துத் தூங்கும்போது, விரல் நுனிச் சதையை உங்கள் விரலால் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள்.

இடதுகைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். கத்தரி மாதிரி இதில் இடம் வலம் கிடையாது.

கூடவே வரும் அலங்காரங்கள்

கைப்பிடியில் பொறித்த அரம் பெயருக்குத்தான். எஃகில் கோடு கீறி முலாம் பூசியிருப்பார்கள், சில மாதத்தில் வழவழப்பாகிவிடும். தனியாக ஒரு கண்ணாடி அரமோ உப்புத்தாள் ஒட்டிய அட்டை அரமோ வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கத்தி, பாட்டில் திறப்பான், சாவி வளையம் எல்லாம் சேர்ந்த நகவெட்டியை எடுக்காதீர்கள். அத்தனை தகட்டையும் ஒரே ஆணியில் கோத்திருப்பதால் ஆட்டம் சீக்கிரம் வரும்.

துண்டு சிதறாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் யோசிக்க வேண்டிய விசயம். வீட்டில் பத்தமடைப் பாய் விரித்திருந்தால் வெட்டிய நகம் கோரைக்கு நடுவில் செருகிக்கொண்டு, எப்போதோ உட்காருகிறவரைக் குத்தும். உறை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உறைக்குள் ஈரமும் நகத்தூளும் தங்கித் துருப்பிடிக்கும், பக்கவாட்டிலிருந்து வெட்டும் இடத்தைப் பார்க்கவும் முடியாது. கழற்றிக் கழுவி மாட்டும்படி இருந்தால் வாங்குங்கள். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துக்கொண்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

வெட்டும் விதம்

நல்ல நகவெட்டியையும் மோசமாகப் பிடித்தால் மோசமாகத்தான் வெட்டும். விரல் நகம் தட்டையான பலகை இல்லை, நாட்டு ஓடு மாதிரிக் குவிந்திருக்கிறது. நடுவில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினால் அந்தக் குவிவு தட்டையாகும்போது நகம் அடுக்கடுக்காகப் பிளக்கும். ஓரத்தில் தொடங்கி, வாயின் பாதியை மட்டும் பயன்படுத்தி, மூன்று நான்கு சின்னக் கடியாக நகர்ந்து போங்கள். வெள்ளைப் பகுதியில் ஒரு மில்லிமீட்டரை மிச்சம் வையுங்கள். அதையும் எடுத்துவிட்டால் நகத்துக்கடியில் உள்ள சதை திறந்துகொள்ளும். மிளகாய் கிள்ளுகிறவருக்கும் சேற்றில் கை வைக்கிறவருக்கும் அது வினை.

கால் நகத்தை நேர்கோட்டில் வெட்டி, கூரான மூலையை மட்டும் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அரத்தை ஒரே திசையில் இழுக்க வேண்டும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஓட்டினால் நகத்தின் அடுக்கு பிரியும். நகத்தோரம் எழும்பி நிற்கும் தோலைப் பிடித்து இழுக்காமல், அதன் அடியில் நகவெட்டியின் மூலையை வைத்து ஒரே கடியில் எடுத்துவிடுங்கள்.

நேரம்? குளித்த பிறகு. ஆற்றுக்குப் போய்க் குளித்துக் கரையேறிய கையோடு வெட்டினால் நகம் வெண்ணெய் மாதிரி இணங்கும். நகம் தண்ணீரை உறிஞ்சி இளகியிருப்பதுதான் காரணம். தடித்த கால் நகமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்திருக்கச் சொல்லுங்கள். மிக மெல்லிய, உரிந்துபோகிற கைநகம் உள்ளவர்கள் மட்டும் ஈரம் உலர்ந்த பிறகு வெட்டட்டும், நனைந்த மெல்லிய நகம் வெட்டுப்படாமல் மடங்கும்.

விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே என்று பெரியவர்கள் சொல்வதில் சாத்திரம் எவ்வளவோ, மங்கிய வெளிச்சத்தில் சதையை வெட்டிக்கொள்வோம் என்ற பயமும் அவ்வளவு இருக்கும். செவ்வாய், வெள்ளியும் பல வீடுகளில் ஆகாது. பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்கள் என்பதால் ஞாயிறு காலையே எல்லோருக்கும் தோது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதிதான். ஆகவே கைக்கு வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

வயலில் நடவு நட்டு வந்தவரும், திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் நடந்து வந்தவரும் நகத்துக்கடியில் இருப்பதை முதலில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்பு போட்டு எடுத்துவிட்டு வெட்ட வேண்டும். மணல் துகள் எஃகைவிடக் கடினம். நகத்தோடு சேர்த்துக் கடித்தால் விளிம்பில் பொடிப் பல் விழும், அந்த இடத்தில் பிறகு நகம் பிசிறாகத்தான் வரும்.

வாங்கியதைக் காப்பாற்ற

நகவெட்டியால் நகத்தை மட்டும் வெட்டுங்கள். சவுக்காரப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் நாடா, மின்கம்பியின் தோல், பூக்கட்டும் நார், பேனாவின் ரீஃபில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதன் வாயில் கொடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. செம்புக் கம்பி ஒன்றை ஒருமுறை கடித்தாலே விளிம்பு குழிந்துவிடும். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும்.

ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காற்றில் உலரவிடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலையோ சர்ஜிகல் ஸ்பிரிட்டையோ பஞ்சில் நனைத்து வாயைத் துடைத்து, தானாகக் காயும் வரை விட்டால் கிருமி போகும். ரத்தம் பட்டிருந்தாலோ பூஞ்சை நகத்தை வெட்டியிருந்தாலோ இதைத் தவறவே கூடாது. பூஞ்சை உள்ளவருக்கு நகவெட்டி தனி என்பதிலும் மாற்றமில்லை. பிளீச்சிங் தண்ணீரில் போடாதீர்கள், முலாமையும் எஃகையும் அரித்துவிடும். யாருடையது எது என்று குழம்பாமல் இருக்கக் கைப்பிடியின் வாலில் ஆளுக்கொரு நிறத்தில் நகப்பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடலாம்.

குளியலறைச் சோப்பு டப்பாவில் வைப்பதே துருவுக்குப் பாதிக் காரணம். அறையில் காய்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு ஆணியிலும், கைப்பிடி உட்காரும் பள்ளத்திலும். தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டால் சில வாரத்தில் பிசுக்காகி நகத்தூளைப் பிடித்துக்கொள்ளும்.

மழுங்கிய நகவெட்டியைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவர் வேலையில் குறையில்லை. அருவாளுக்கும் கத்தரிக்கும் சாணை பிடித்தால் கூர் கூடும். நகவெட்டியிலோ ஒரு விளிம்பில் துளி அதிகமாகத் தேய்ந்தாலும் இரண்டும் பிறகு சேரவே சேராது. அலுமினியத் தாளைப் பத்துத் தடவை வெட்டினால் கூர் வரும் என்று சொல்வார்கள். விளிம்பில் ஒட்டிய அழுக்கும் பிசிறும் வேண்டுமானால் போகும், போன கூர் திரும்பாது. வெளிச்சம் கசியத் தொடங்கிய நகவெட்டியைத் தையல் டப்பாவில் நூல் வெட்ட வைத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றும். நகத்தைக் கடிக்காதது நூலையும் கடிக்காது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.